அசைந்து கொடுக்காத 'லோஷ்டீன்'

ஐரிஷ் மொழி இன்னும் அன்றாடப் பேச்சாக இருக்கும் ஊர்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்தில்தான் அதிகம். கோடை விடுமுறையில் மொழி கற்க வரும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே உள்ளூர்க் குடும்பங்களோடு தங்குகிறார்கள். காசு கொடுத்துத் தங்கும் அந்த ஏற்பாட்டுக்கு 'லோஷ்டீன்' என்று பெயர்.

அசல் ஐரிஷ் போலவே ஒலிக்கிறது. ஆனால் அது ஆங்கில 'லாட்ஜிங்'! பழைய ஐரிஷில் 'ஜ' ஒலி கிடையாது. அந்த ஒலியில் முடியும் சொற்கள் கடல் கடந்து வந்தபோது, ஐரிஷ் நாக்கு அங்கே 'ஷ்ட்' என்று ஒட்டுப் போட்டுக்கொண்டது. ஆரஞ்ச் 'ஒராஷ்டெ' ஆயிற்று, கேபேஜ் 'கபாஷ்டெ', லாட்ஜ் 'லோஷ்டெ'. பிரபுக்களின் எடுபிடிப் பையனான 'பேஜ்', 'பாஷ்டெ' ஆகி, இன்று எந்தக் குழந்தைக்கும் பொதுப் பெயர். வேலை போய்விட்டது, பிள்ளை மட்டும் மிச்சம்.

வாலில் இருந்த 'இங்', 'ஈன்' ஆனது. ஐரிஷில் 'ஈன்' சிறுமை விகுதி, அதாவது சின்னதைக் குறிக்கும் ஒட்டு: 'போஹர்' சாலை, 'போஹ்ரீன்' குறுகிய வண்டிப்பாதை. அந்த வேஷம் பொருந்திவிட்டதால் வந்தவனை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆங்கிலமும் கடன் வாங்கியதுதான். பிரெஞ்சு 'லோஜ்' வழியாகப் பின்னே போனால், பழைய ஜெர்மானிய மொழியொன்றில் தழைப் பந்தலைக் குறித்த சொல்லில் போய் நிற்கும். ஹோட்டல் 'லாபி'க்கும் அதே வம்சம்.

உண்மையான விந்தை இலக்கணத்தில் இருக்கிறது. ஐரிஷில் சொல்லின் தலையே மாறும்; இது முதலெழுத்துத் திரிபு. உதாரணத்துக்கு, ஹோட்டலுக்கு 'ஓஸ்தான்' என்று பெயர். 'அவனுடைய', 'அவளுடைய', 'அவர்களுடைய' மூன்றுக்கும் 'அ' என்ற ஒரே சொல்தான். பிறகு எப்படிப் பிரித்தறிவது? அவனுடையது 'அ ஓஸ்தான்', அவளுடையது 'அ ஹோஸ்தான்', அவர்களுடையது 'அ நோஸ்தான்'. யாருடையது என்ற தகவலைப் பெயர்ச்சொல்லே தலையில் சுமக்கிறது!

'லோஷ்டீன்' மட்டும் அசையாது. ல, ந, ர மூன்றையும் இந்தத் திரிபு எழுத்தில் தொடுவதில்லை. வேற்றுமையிலும் அப்படியே: 'ஹோட்டலின்' என்று சொல்ல 'ஓஸ்தான்' கடைசி மெய்யை மென்மையாக்கிக்கொள்ள வேண்டும், 'லோஷ்டீன்' இருந்தபடியே இருக்கும். ஆகவே 'அ லோஷ்டீன்' என்று எழுதியிருந்தால் அது அவனுடையதா, அவளுடையதா, அவர்களுடையதா என்பது சூழலைப் பொறுத்தது. அழுத்தத்துக்கு விகுதி சேர்த்தால் 'அ லோஷ்டீன்ஷெ' என்று அவளுடையது தனியே பிரிந்துவிடும். மற்ற இரண்டும் அப்போதும் 'அ லோஷ்டீன்ஷன்'தான். குழப்பம் வேண்டாமென்றால் 'அன் லோஷ்டீன் அதா அகு', 'அவர்களிடம் இருக்கிற தங்குமிடம்' என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாம்.