மலையிறங்கும் வீடு

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஒரு கேரவன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை மூன்றரை டன், இறக்கம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 34 மெகாஜூல். நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். தண்ணீர் கொதிக்காத பட்சத்தில் வேறு ஏதோ ஒன்று சூடாகியாக வேண்டும். பெரும்பாலும் அது பிரேக்.

கேரவன் பயணிகள் தேடிப்போகும் நியூசிலாந்தின் டாப்போ எரிமலை மண்டலத்தில் தண்ணீரை நிலமே சூடாக்கித் தருகிறது. அங்கே வைராக்கெயில் பூமியின் நீராவியை வைத்து 1958-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாறு தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி டர்பைனைச் சுழற்றத் தொடங்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் எரிமலை கிடையாது. இங்குள்ள மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட், பரங்கிமலையில் இருக்கும் அதே பாறை. பூமிக்கு வெகு ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவானது. அந்தச் சூடு ஆறிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. இங்கே வெப்பத்தைக் கொடுப்பது வண்டி இறங்கும் உயரம்தான். எடை கூடினால் அந்த வெப்பமும் கூடும்.

அதனால் கேரவனில் எதைப் பார்த்தாலும் அதன் எடையைக் கேட்க வேண்டும். சினிமா படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் உட்காரும் கேரவனை வைத்து இதைக் கற்பனை செய்யாதீர்கள். அது ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்கும், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும். பயணக் கேரவன் தன் தேவைகளைத் தானே சுமந்து மலையேறும் வண்டி. நூறு லிட்டர் நல்ல தண்ணீர் என்றால் நூறு கிலோ. அந்தத் தொட்டியைக் கூடியவரை தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் பொருத்துவார்கள். மேலே வைத்தால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும்.

மின்சாரத்துக்கு இரண்டு பேட்டரிகள். ஒன்று இன்ஜினைக் கிளப்ப, மற்றொன்று வீட்டுக்கு. இன்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். நின்றதும் ஒரு ரிலே இரண்டையும் பிரித்துவிடும். இரவெல்லாம் விளக்கெரித்தாலும் காலையில் வண்டி கிளம்பும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது சுமார் 1.2 யூனிட். முப்பது வாட் மின்விசிறி ஒன்று இரவு முழுக்கத் தாராளமாக ஓடும். ஏசி போட்டால் ஒரு மணி நேரத்தில் காலி. ஆயிரம் மீட்டர் மேலே போனால் காற்று ஆறேழு டிகிரி குளிர்ந்துவிடும் என்பதால், தேனியின் சித்திரை வெயிலுக்கு ஏசியைவிட போடிமெட்டே நல்லது என்பது என் கட்சி.

சமையலுக்கு எல்பிஜி. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டிருப்பது அதற்காகத்தான். குளிர் வருகிறது என்று துணி வைத்து அதை அடைக்கக் கூடாது.

இனி இறக்கத்துக்கு வருவோம். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறையும். அதைவிட மோசம் பிரேக் ஆயில் கொதிப்பது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட்-3 ஆயில் 205 டிகிரி வரையாவது தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் சொல்வதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. தாழ்ந்த கியரில் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். ஆற்றலின் பெரும்பகுதி அதில் செலவாகி, வெப்பம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினால் போதும். காலம் தவறாமல் பிரேக் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

ஆனி, ஆடியில் வந்தால் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகளில் நுழைந்து வரும் வழி இந்தப் பள்ளத்தாக்கு. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. உயரமான பக்கச்சுவர் கொண்ட வண்டியை அந்தக் காற்று தள்ளும். பக்கவாட்டுக் கூடாரத் துணியை விரித்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

எங்கே நிறுத்துவது? மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. காட்டுக்குள் இரவு நிறுத்த முடியாது. உத்தமபாளையம், கம்பம் பக்கம் தோட்டக்காரரிடம் கேட்டு, திராட்சைப் பந்தலுக்கோ தென்னந்தோப்புக்கோ ஓரமாக நிற்பதே சரி. குமுளியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்து வாகமனில் 2022-இல் கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா திறந்திருக்கிறார்கள்.

கழிவுநீரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்குக் கழற்றி எடுக்கும் கேசட் ஒன்று. இப்படிப்பட்ட வசதியோடு வண்டிக்குள்ளேயே பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் தன்னிறைவு வாகனம் என்று சான்று தருவதாக 2023-இல் நியூசிலாந்து சட்டம் செய்தது. இங்கே சாலையோர வாய்க்காலில் குழாயைத் திறந்துவிட்டால், அது முல்லைப் பெரியாற்றில் சேர்ந்து வைகைக்குப் போகும். வைகை அணைத் தண்ணீரை மதுரை குடிக்கிறது. கேசட்டுக்குச் சக்கரமும் கைப்பிடியும் உண்டு. தங்கும் விடுதியிலோ பெட்ரோல் பங்கிலோ அனுமதி கேட்டு உருட்டிப்போய், அங்குள்ள கழிப்பறையில் கொட்டிக் கழுவிக்கொண்டு வரப் பத்து நிமிடம் ஆகும்.