முதுமையும் கோல்ப் பயிற்சியும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கழக்கூட்டத்தில் 1962ஆம் ஆண்டு சைனிக் பள்ளி தோன்றிற்று. அடுத்த ஆண்டில், அருகிலுள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணிற் பாய்ந்தது. இத்தகைய நிலையங்களில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர், அறுபது வயதுக்கு மேல் கோல்ப் பயில விரும்புகிறார் என்று கொள்வோம். நகரின் கவடியார்ப் பகுதியில் 9 குழிகள் கொண்ட பழமையான மைதானம் இருக்கிறது. ஆனால் எத்தகைய ஆசிரியரிடம் பயில்வது? இவ்வினாவிற்கு விடை காண்பதிலேதான் அவருடைய முதுகும் முழங்காலும், விளையாட்டினால் வரும் மகிழ்ச்சியும் அடங்கியுள்ளன.

இளைஞருக்குரிய பாடத்தை முதியவருக்கு அப்படியே புகட்டுவது தவறு. வயது ஏற ஏற இடுப்பும் மார்புப் பகுதியும் முன்போல் திரும்புவதில்லை. தசை வலிமையும் குறைகிறது. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் படத்தைக் காட்டி, "இவ்வாறே உடலை முறுக்குக" என்று வற்புறுத்தினால், முதலில் நோவது கீழ்முதுகு, அடுத்து முழங்கை. மூட்டு நோவுடன் வீடு திரும்பியவர் மறுபடியும் மட்டையைத் தொடத் தயங்குவார். காலை நடையும் நண்பர் கூட்டமும் அத்துடன் அவருக்கு இல்லாமற் போய்விடும்.

உடலை மாதிரிக்கு ஏற்ப வளைப்பது ஒரு முறை. பாடத்தை உடலுக்கு ஏற்ப அமைப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறைக்கு நல்ல சான்று எர்னஸ்ட் ஜோன்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர். முதல் உலகப் போரில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. உடலுறுப்புகளைத் தனித்தனியே எண்ணாது, மட்டையின் தலை சீராக ஊசலாடுவதையே கவனிக்குமாறு அவர் கற்பித்தார். கைக்குட்டையின் நுனியில் சிறு பேனாக்கத்தியைக் கட்டி வீசிக் காட்டுவது அவர் வழக்கம். வலிந்து இழுத்தால் கைக்குட்டை துவளும்; இசைவாக வீசினால் நேராக நிற்கும். முதியோருக்கு ஏற்ற பாடம் இதுவே.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்றுண்டு. முதல் நாளில் அவர் எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். "எங்கே நோகிறது? இதயத்திற்கு மருந்து உண்கிறீர்களா? என்ன நோக்கத்தோடு ஆட வந்தீர்கள்?" என்று வினவுபவர் தக்கவர். வலக்கையாளர் இடக்குதிகாலைச் சற்றே உயர்த்தித் திரும்ப அவர் இடந்தருவார், பின்வீச்சைக் குறுக்குவார், எடை குறைந்த தண்டும், விரல்நோவு உடையவர்க்குத் தடித்த பிடியும் கொண்ட மட்டைகளைப் பரிந்துரைப்பார். நூறு பந்துகளை ஒரே மூச்சில் அடிக்கச் செய்பவரை விட்டு விலகுதல் நலம்.

பாடம் எங்கிருந்து தொடங்கவேண்டும்? திறமையுள்ளவருக்கு ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் போதும் என்று வகுத்த கணக்கிற்குப் 'பார்' என்று பெயர். அக்கணக்கில், குழியைச் சூழ்ந்த மென்புல் தரையில் பந்தை உருட்டுவதற்கென இரண்டு அடிகள் ஒதுக்கப்படுகின்றன. 9 குழிகளுக்கு 36 அடிகள் என்றால், அவற்றுள் 18 உருட்டும் அடிகளே. ஆட்டத்தின் பாதிக்கு வலிமை வேண்டுவதில்லை. கண்ணும் பொறுமையுமே வேண்டும். ஆகவே முதியவரின் பயிற்சி குழியருகே தொடங்கிப் படிப்படியாகத் தொலைவுக்குச் செல்லட்டும்.

கூட்டு வகுப்பில் செலவு குறைவு, துணையும் கிடைக்கும். ஆயினும் பழைய நோவு உடையவர் முதற் சில பாடங்களைத் தனியாகப் பெறுதல் நன்று. வீட்டிலிருந்தே காணும் படப்பாடங்கள் நினைவூட்ட உதவும். உங்கள் முதுகு வளைவதை அவை காணமாட்டா. மருத்துவரின் இசைவும், பத்து நிமிட நடையும், வெயில் ஏறுமுன் ஆடி முடிப்பதும் கேரளத்துப் புழுக்கத்தில் இன்றியமையாதவை.

முதுமை ஆட்டத்திற்குத் தடையன்று. 2009ஆம் ஆண்டில் டாம் வாட்சன் தம் 59ஆம் வயதில் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் முதலிடத்திற்குச் சமநிலை பெற்று, கூடுதல் ஆட்டத்திலேதான் தோற்றார். அவர்போல் ஆடுவது நம் நோக்கமன்று. இவ்வாண்டு ஆடியவர் அடுத்த ஆண்டும் நோவின்றி ஆடவேண்டும். அதற்கு வழி செய்பவரே நல்லாசிரியர்.