ஊர் நிலத்தின் எல்லையும் கையில் உள்ள ஜி.பி.எஸ். படமும்

மும்பைக்கு வந்து முப்பது, நாற்பது வருடங்கள் ஆகியும் நம்மில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கத்தான் செய்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். நிலத்தைச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்வார். விக்ரோலியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கே சரியாகத் தெரியாது. அப்பா காலமான பிறகு, திருநெல்வேலிப் பக்கம் உள்ள எங்கள் நிலத்தின் எல்லையைப் போனில் படமாகப் பதிந்து வைக்க முயன்றேன். அதில் கற்றுக்கொண்டதையும், அவசரப்பட்டுச் செய்த ஒரு தவறையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வேட்டைக்காரர்களின் கருவி

கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் நில எல்லையைக் காட்டும் வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பியவர்களில் வேட்டைக்காரர்கள் முக்கியமானவர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. அங்கே அனுமதி பெற்று வேட்டையாடலாம், ஆனால் தனியார் நிலத்தில் கால் வைக்கக்கூடாது. ஆகவே எது அரசு நிலம், எது தனியார் நிலம் என்று காட்டும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

வயோமிங் மாநிலத்தில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைபோல மாறி மாறி அமைந்த இடங்கள் உண்டு. 2021-இல் எல்க் மலைப் பகுதியில் நான்கு வேட்டைக்காரர்கள், இரண்டு அரசுக் கட்டங்கள் தொடும் மூலையில் ஏணி போட்டு, தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டினார்கள். நிலச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. போனில் இருந்த படம் அவர்களை மூலைக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விட்டது. மூலை இதுதான் என்று காட்டியது தரையில் பதித்திருந்த அரசு அளவை அடையாளம்.

கருவி எவ்வளவு சரியாகக் காட்டும்?

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு ஜி.பி.எஸ். நம் இடத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு கோள்கள் தேவை. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்ததால் ஒரு காலத்தில் நூறு மீட்டர் வரைகூட இடம் தவறும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பிழையை நீக்கினார்கள். இன்று திறந்த வெளியில் சாதாரண போன் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் காட்டிவிடும்.

"திறந்த வெளியில்" என்பது முக்கியம். கன்னம்வார் நகரில் கட்டடங்களுக்கு நடுவே அசையாமல் நின்று பாருங்கள். சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் போனில் உள்ள புள்ளி சாலைக்கும் அடுத்த கட்டடத்துக்குமாகத் தாவும். மைதானத்துக்குப் போனால் அடங்கிவிடும். ஊரில் அடர்ந்த தோப்புக்குள் நின்றாலும் இதே கதைதான்.

ஐந்து மீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். நூறு மீட்டர் நீளமுள்ள வரப்பு ஐந்து மீட்டர் தள்ளிப்போனால் 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட். வழி கண்டுபிடிக்க இந்தப் பிழை பரவாயில்லை, பங்கு பிரிக்க உதவாது.

எல்லையைப் படத்தில் போடும் முறை

முதலில் பட்டாவில் உள்ள சர்வே நம்பர், உட்பிரிவு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும், எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தையும் எடுக்கலாம். நிலத்தின் வடிவமும் பக்கங்களின் நீளமும் புலப்படத்தில் மீட்டரில் இருக்கும். மாநில அரசின் டி.என்.ஜி.ஐ.எஸ். நிலப்படத்தில், நாம் தொடும் இடத்தின் சர்வே நம்பரும் எல்லைக்கோடும் தெரியும்.

அடுத்து, ஊருக்குப் போகும்போது மூலைகளில் உள்ள சர்வே கற்களைத் தேடுங்கள். ஒவ்வொரு கல்லின் மேலும் போனை வைத்துச் சில நிமிடம் பொறுத்து அந்த இடத்தைப் பதியுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் எல்லை தயார். அதை கே.எம்.எல். கோப்பாகச் சேமித்தால் போனிலும் கூகுள் எர்த்திலும் திறக்கும். பல கையடக்கக் கருவிகளிலும் மாற்றி ஏற்றிக்கொள்ளலாம். படத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் வயலில் டவர் கிடைக்காவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். கருவியின் அமைப்பு டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று இருக்கட்டும். பழைய சர்வே வரைபடங்கள் வேறு அளவுமுறையில் போடப்பட்டவை. அதை மாற்றாமல் ஏற்றினால் நிலம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து தெரியும்.

நான் செய்த தவறு

கல்லைத் தேடாமல், இணையத்தில் கிடைத்த கோட்டை மட்டும் நம்பிக்கொண்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினேன். பக்கத்து வயல் என் பெரியப்பா மகனுடையது. கோட்டின்படி அவர் வரப்பு நாலு மீட்டர் எங்கள் பக்கம் வந்திருந்தது. போனை நீட்டி, "அண்ணே, இங்க பாருங்க, வரப்பு உள்ள வந்திருக்கு" என்றேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

அவர் கோபப்படவில்லை. "எலே, கல்லத் தேடிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அதன்பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மதினியும் வாசலில் என்னைக் கண்டால் உள்ளே போய்விட்டார்கள்.

கட்டணம் கட்டி அளவைக்கு விண்ணப்பித்து, அடுத்த பயணத்தில் சர்வேயர் வந்தார். மீதி மூன்று கற்களிலிருந்து அளந்து, உடைமரத்தடியில் ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். ஓரடி ஆழத்தில் கல் இருந்தது. அண்ணன் வரப்பு சரியாகவே இருந்தது. ஒரு முனையில் மட்டும் ஒன்றரை அடி விலகல். அதுவும் நாங்கள்தான் அவர் பக்கம் போயிருந்தோம்! அன்றே அதைத் திருத்தினோம். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, சாப்பிட வா" என்றார்.

கோடு ஏன் தவறியது? அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்துத் தனித்தனியாக அளந்த புலங்களைப் பிற்பாடு செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தியிருக்கிறார்கள். அந்தப் பொருத்தத்தில் சில மீட்டர் விலகுவது சகஜம். அதோடு போனின் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: படம் நம்மைக் கல்லிடம் கூட்டிப்போகும், ஆனால் எல்லை எது என்று முடிவு செய்யாது. சந்தேகம் வந்தால் 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டம் இருக்கிறது. பக்கத்து நிலக்காரருக்கும் அறிவிப்புக் கொடுத்து அவர் முன்னிலையில் அளப்பதே முறை. சர்வே கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம்.

வரும் மே விடுமுறையில் ஊருக்குப் போகும் அன்பர்கள் பிள்ளைகளையும் வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாலு கல்லையும் தொட்டுக் காட்டி, அவர்கள் கையாலேயே போனில் பதியச் சொல்லுங்கள். புறப்படும் முன் பக்கத்து வயல்காரர் வீட்டுக்கும் போய்ச் சொல்லி, அவரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் செய்யத் தவறினேன்.