விரட்டியடித்தல்

விரட்டியடித்தல் என்பது ஆட்களையோ விலங்குகளையோ ஓரிடத்தில் இருந்து வலிந்து அகற்றுவதைக் குறிக்கும் கூட்டுவினை ஆகும். ஆங்கிலத்தின் டிரைவ் அவுட், டிரைவ் அவே என்னும் சொற்றொடர் வினைகள் இதற்கு நெருக்கமானவை. இராமேசுவரம், இராமநாதபுரம் கடற்கரை பற்றிய செய்திகளில் இச்சொல் அடிக்கடி இடம்பெறுகின்றது.

சொல்லமைப்பு

டிரைவ் என்றால் ஓட்டுதல். அதனுடன் அவுட் (வெளியே), அவே (அப்பால்) என்பன சேரும்போது துரத்துதல் என்ற பொருள் கிடைக்கின்றது. தமிழில் இந்தச் சேர்க்கை இல்லாமலே வண்டி ஓட்டுவதும் தினைப்புனத்தில் கிளி ஓட்டுவதும் ஒரே சொல்தான். விரட்டியடி என்பதில் விரட்டி என்னும் வினையெச்சத்தை அடுத்து அடி என்னும் வினை வருகின்றது. தோற்கடி, சாகடி என்பவற்றில் போலவே இங்கும் அடிக்குத் தன் நேர்ப்பொருள் இல்லை. அது வன்மையை மட்டும் கூட்டுகின்றது. எனவேதான் உண்மையில் அடி விழுந்திருந்தால் செய்தியாளர்கள் "தாக்கி விரட்டியடித்தனர்" என்று தனியே எழுத வேண்டியுள்ளது.

பாக்கு நீரிணையில்

"இலங்கைக் கடற்படையினர் மீனவர்களை விரட்டியடித்தனர்" என்றால் கைது நடக்கவில்லை என்று பொருள். கைது செய்து படகைக் கைப்பற்றினால் அது சிறைபிடிப்பு. நீதிமன்றம், வழக்கு எண் எல்லாம் உண்டு. விரட்டியடிப்பில் இவை இல்லை. வலை அறுந்தாலும், டீசலும் உழைப்பும் வீணாகி வெறும் படகுடன் கரை திரும்பினாலும், இழப்பு எந்த வழக்கிலும் பதிவாவதில்லை. வெளியேற்றம் என்ற சொல் இதனினும் கடுமையானது. 1990 அக்டோபரில் வட இலங்கை முசுலிம்களை விடுதலைப் புலிகள் அகற்றியதை அச்சொல்லால் குறிப்பர். அவர்கள் வாழிடத்தையே இழந்தனர். விரட்டப்பட்ட மீனவரோ அடுத்த மீன்பிடி நாளில் மீண்டும் கடலுக்குச் செல்கிறார்.

இவ்வினை "எங்கிருந்து?" என்ற கேள்வியை எழுப்பும், விடை ஐந்தாம் வேற்றுமையில் (நீங்கல்) வர வேண்டும். "கச்சத்தீவு அருகே மீனவர்கள் விரட்டியடிப்பு" போன்ற தலைப்புகளில் அவ்விடை இருப்பதில்லை. 1974 உடன்பாட்டின் கடல் எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே செல்கின்றது. "அருகே" என்பது கோட்டின் எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. இராமேசுவரம் மீனவர் அதனைத் தம் மரபுவழி மீன்பிடி இடம் என்கின்றனர். யாழ்ப்பாணம், மன்னார் மீனவரோ இழுவைப் படகுகள் தம் வலைகளை அறுத்துச் செல்வதாக முறையிடுகின்றனர். அடிமடி இழுவையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. இரு கரையினரும் தமிழரே. இக்கரையில் விரட்டியடிப்பு எனப்படும் அதே நிகழ்வு, அக்கரையில் அத்துமீறல் தடுப்பு எனப்படுகின்றது.