பிட்டா, பைட்டா? பழைய வன்தட்டுகளின் வேகத்தைக் கணக்கிடுவது எப்படி

தமிழாசிரியருக்குக் கணினி வேகத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு கணக்கில் நான் பட்ட அடிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில் பழைய கணினிகளைக் கழித்துவிட முடிவு செய்தார்கள். மறுநாள் காலையில் லாரி வரும். அதில் ஒரு கணினியில் வாய்மொழித் தேர்வுப் பயிற்சியின் ஒலிப்பதிவுகள், முன்பிருந்த ஆசிரியர்கள் தட்டச்சு செய்து வைத்த பயிற்சித் தாள்கள் என்று 32 கிகாபைட் இருந்தது. வேறு எங்கும் நகல் கிடையாது. அந்தக் கணினியின் யூஎஸ்பி வேகம் 12 'எம்பி' என்று யாரோ சொன்னார்கள். 32,000 மெகாபைட்டை 12-ஆல் வகுத்தேன். சுமார் 2,667 வினாடி, அதாவது முக்கால் மணி நேரம். பள்ளி முடிந்து 3 மணிக்கு உட்கார்ந்தால் போதுமே என்று நினைத்தேன். 4 மணிக்குப் பார்த்தால், பத்தில் ஒரு பங்குதான் நகர்ந்திருந்தது!

அந்த 12 மெகாபைட் இல்லீங்க, மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 12-ஐ 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 1.5 மெகாபைட். 32,000-ஐ 1.5-ஆல் வகுத்தால் 21,333 வினாடி, கிட்டத்தட்ட 6 மணி நேரம். அதுவும் ஏட்டில் உள்ள உச்ச வேகம். நடைமுறையில் 1 மெகாபைட் வந்தாலே பெரிது. அப்படியானால் 9 மணி நேரம்.

இதில் மொழிச் சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன 'பி' என்றால் பிட், பெரிய 'பி' என்றால் பைட். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. 'எம்பி' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிப் போகும். ஆகவே மாணவர்களே, விடைத்தாளிலும் மொழிபெயர்ப்பிலும் மெகாபிட், மெகாபைட் என்று முழுதாகவே எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகு இருக்கட்டும்.

இனி இணைப்பு வகைகளுக்கு வருவோம். பழைய அகலப் பட்டைக் கம்பி வைத்த ஐடிஇ வன்தட்டுகளில் வேலை சுலபம். அல்ட்ரா ஏடிஏ 66, 100, 133 என்று பெயரிலேயே வேகம் இருக்கும், அதுவும் மெகாபைட்டில். வகுக்க வேண்டியதே இல்லை. ஸ்கசி இணைப்பில் பெருக்க வேண்டும். அகல அல்ட்ரா ஸ்கசி வினாடிக்கு 2 கோடி முறை, முறைக்கு 16 பிட் அனுப்புகிறது. 16 பிட் என்பது 2 பைட். 20-ஐ 2-ஆல் பெருக்கினால் 40 மெகாபைட். பழைய 8 பிட் ஸ்கசி 5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 5 மெகாபைட்தான் தந்தது.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் சாட்டா. முதல் சாட்டாவின் வேகம் 1.5 கிகாபிட். 1,500-ஐ 8-ஆல் வகுத்து 187.5 என்று எழுதுவார்கள். சரியான விடை 150 மெகாபைட். ஏன்? சாட்டாவில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. வாங்கும் பக்கம் தாளம் தவறாமல் எண்ண வேண்டுமே! அதற்காக ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். 20 விழுக்காடு அந்தக் குறியீட்டுக்கே போய்விடும். அதனால் சாட்டாவுக்கு 10-ஆல் வகுக்க வேண்டும்: 3 கிகாபிட் என்றால் 300, 6 கிகாபிட் என்றால் 600. யூஎஸ்பி 2.0 அப்படிச் செய்வதில்லை. அதன் 480 மெகாபிட்டை 8-ஆல் வகுத்து 60 மெகாபைட் என்று எழுதலாம். ஆனால் யூஎஸ்பி 3.0-இன் 5 கிகாபிட்டுக்கு மறுபடியும் 10 தான், விடை 500.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 1,500, 133 என்ற எண்களை மட்டும் பார்த்தால் சாட்டா பதினொரு மடங்கு வேகம் மாதிரி தெரியும். அலகை ஒன்றாக்கினால் 150-க்கு 133, அவ்வளவுதான் வித்தியாசம். ('சாட்டா 3' என்பது மூன்றாம் தலைமுறை, 6 கிகாபிட். அதை 3 கிகாபிட் என்று எண்ணுபவர்கள் கடைக்காரர்களிலும் உண்டு!)

கிகா என்பது 1,000-ஆ, 1,024-ஆ என்று கேள்வியே சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். 40 கிகாபைட் என்று விற்ற தட்டை விண்டோஸ் 37.25 என்று காட்டுவது இதனால்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, சக ஆசிரியர் ஒருவர் உதவியோடு வன்தட்டையே கழற்றினோம். ஐடிஇ-யை யூஎஸ்பி 2.0-க்கு மாற்றும் கம்பியில் அதைப் பொருத்தி, புதிய கணினி ஒன்றில் சொருகினோம். தட்டின் இணைப்பு 100 மெகாபைட், கம்பி 60 மெகாபைட். வழியில் எது குறைவோ அதுதான் உச்சம் என்பதால் 60. ஆனால் அந்தக் காலத்துத் தட்டு சுழலும் வேகத்துக்கு 25 மெகாபைட் என்றே இந்த முறை வைத்துக்கொண்டேன். 32,000-ஐ 25-ஆல் வகுத்தால் 1,280 வினாடி, 21 நிமிடம் சொச்சம். உண்மையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள். ஒவ்வொன்றையும் தேடித் திறந்து மூடவே நேரம் போகும். 6 மணிக்குள் பள்ளியைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.