சாரலும் மூச்சும்

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்று புகுந்து வரும். குற்றாலத்தில் அருவி விழும். எங்கள் ஆய்க்குடி வயல்களின்மேல் சாரல் தூவும். வெளியூரார் உடல்நலம் நாடி இங்கு வருவர். அதே நாள்களில் என் வகுப்பில் ஒரு மாணவனின் இடம் ஆண்டுதோறும் வெறுமையாகிவிடும். இரவெல்லாம் இரைப்பு. “சாரல் அவனுக்கு ஆகாது” என்று வீட்டார் சன்னலை அடைத்து, கம்பளியால் போர்த்தி வைத்திருந்தனர். நானும் அதுவே சரி என எண்ணியிருந்தேன். அது பாதி உண்மையே.

குளிர்காற்று இரைப்பைத் தூண்டக்கூடும் என்பது மெய்தான். ஆயினும் ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவில் பெரும்பகை பலருக்கு மெத்தையிலும் தலையணையிலுமே இருக்கிறது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முதன்மையான காரணம் அத்தூசியில் வாழும் ஒரு சிற்றுண்ணி என்பதை 1964-இல் ஹாலந்து நாட்டு லைடன் நகர ஆராய்ச்சியாளர் காட்டினர். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதற்கு உணவு. அது நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50-க்குக் கீழே நீடித்தால் வற்றி மடியும். 70, 80 என உயர்ந்தால் பல்கிப் பெருகும். சாரல் காலத்தில் அடைத்து வைத்த அறை அதற்கு அரண்மனை அல்லவா?

அதன் கழிவு தூளாகி மூச்சில் கலக்கிறது. ஒவ்வாமை இயல்புடையோர் உடல் அதனைப் பகையெனக் கருதி, எதிர்ப்பொருளை முன்பே உண்டாக்கி வைத்திருக்கும். அத்தூள் மீண்டும் நுழைந்ததும் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் வெளிப்படும். மூச்சுக்குழலின் சுவர் வீங்கும், தசை இறுகும், சளி சுரக்கும். குறுகிய வழியில் காற்று திணறி வெளியேறும் ஓசையே இழுப்பு. ஈரச்சுவரில் படரும் பூஞ்சணமும் இவ்வாறே தீங்கு செய்யும். விறகுப்புகையும் கொசுவர்த்திப் புகையும் வேறு வகையின. நொந்த குழலை அவை மேலும் எரிச்சலூட்டும். என் கரும்பலகைச் சுண்ணத்தூளையும் இக்கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்!

வெளிக்காற்று முற்றிலும் குற்றமற்றது என்று கூறவில்லை. 2016 நவம்பர் 21-இல் மெல்போர்ன் நகரில் இடிப்புயல் ஒன்று புல்லின் மகரந்தத்தைச் சிதைத்துப் பரப்பிற்று. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறினர். பத்துப் பேர் மாண்டனர்.

அம்மாணவன் வீட்டில் வைகாசி வெயிலிலேயே மெத்தையை உலர்த்தினர். விரிப்புகளை வாரந்தோறும் கொதிநீரில் அலசினர். சாரல் ஓய்ந்த வேளையில் சன்னலைத் திறந்தனர். ஆனால் மருத்துவர் தந்த இன்ஹேலரைத் தந்தையார் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார், பழகினால் விடாதாம்! மருந்து நேரே குழலுக்குச் செல்வதால் சிற்றளவே போதும், அது எவரையும் அடிமையாக்குவதில்லை என்று மருத்துவரே எடுத்துச் சொன்ன பிறகுதான் பெட்டி திறந்தது. அவன் பத்தாம் வகுப்புப் பயின்ற ஆண்டில், ஆனி ஆடி இரண்டிலுமாக நான்கு நாள்களே வரவில்லை. வருகைப் பதிவேட்டை நானே எண்ணிப் பார்த்தேன்.