இரண்டு பட்டம் கையில், மூன்றாவது எதற்கு?

லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பாரிஸின் பாந்தியோன்-சோர்போன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் சட்ட இரட்டைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் லண்டனில் ஆங்கிலச் சட்டம், பின்னிரண்டும் பாரிஸில் பிரெஞ்சுச் சட்டம். முடித்து வருபவர் கையில் எல்.எல்.பி. என்ற சட்ட இளநிலைப் பட்டம் இருக்கும், கூடவே பிரெஞ்சு மாஸ்டர் படிப்பின் முதலாண்டுத் தேர்ச்சியும் இருக்கும். இடம் கிடைப்பதே பெரும்பாடான படிப்பு இது. இத்தனையையும் தாண்டி வந்தவர் முன் அடுத்து நிற்பது, மேற்படிப்புக்கு எங்கே போவது என்ற கேள்வி. அமெரிக்காவில் ஓராண்டு எல்.எல்.எம்., அதாவது சட்ட முதுநிலைப் படிப்பு, என்பது பெரும்பாலும் யோசிக்காமல் வரும் பதில். எந்த நாட்டில், எந்த வகை வழக்குகளில் தொழில் செய்யப் போகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும், பல்கலைக்கழகத்தின் பெயர் அதற்குப் பிறகுதான் என்பது என் வாதம்.

ஒரே நாட்டுச் சட்டத்தை மட்டும் படித்தவருக்கு வெளிநாட்டு எல்.எல்.எம். இன்னொரு சட்ட மரபின் கதவைத் திறந்துவிடுகிறது. இரட்டைப் பட்டதாரி அந்தக் கதவுக்கு உள்ளேதான் இருக்கிறார். ஒப்பந்தப் பேச்சுவார்த்தை பாதியில் முறிவதை எடுத்துக்கொள்வோம். வால்ஃபோர்டு எதிர் மைல்ஸ் வழக்கில் 1992இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்புப்படி, நல்லெண்ணத்தோடு பேசுவோம் என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் ஆங்கில நீதிமன்றம் அதை அமல்படுத்தித் தராது. 2 மில்லியன் பவுண்டுக்கு ஒரு புகைப்படத் தொழிலை வாங்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள், விற்பவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதும் ஒப்பந்தத்தின் பேரில் எதுவும் கேட்க முடியாமல் போனார்கள். பிரான்சில் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத்தின் 1112ஆம் பிரிவோ, பேச்சைத் தொடங்கவும் முறிக்கவும் சுதந்திரம் உண்டு, ஆனால் நல்லெண்ணம் கட்டாயம் என்கிறது. அதை மீறினால் நஷ்டஈடு உண்டு; ஒப்பந்தம் கைகூடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபம் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. இந்த இரண்டு விடைகளையும் ஒருவர் இருபத்திரண்டு வயதுக்குள் அறிந்திருக்கிறார் என்றால், ‘இன்னொரு மரபை அறிமுகப்படுத்தும்’ ஓராண்டுப் படிப்பு அவருக்குப் புதிதாக என்ன தரும்? அவருக்குக் குறைவது ஆழம். அதைவிடவும் அவசரமாகக் குறைவது, தொழில் செய்யும் உரிமை.

உரிமை என்று வந்தால் ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. இங்கிலாந்தில் சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர், ஆக 2021இல் வந்த எஸ்.கியூ.இ. என்ற தகுதித் தேர்வுதான் இன்று படித்து வருபவருக்கு வழி. அதன் முதல் பகுதியில் மட்டும் 360 கொள்குறி வினாக்கள். அதோடு இரண்டு ஆண்டு பணி அனுபவமும் வேண்டும். எல்.எல்.எம். வைத்திருப்பவருக்கு அதில் ஒரு வினாகூடக் குறையாது. பிரான்சில் முன்பு மாஸ்டர் முதலாண்டே போதுமானதாக இருந்தது. 2021 டிசம்பரில் வந்த சட்டம் அதை மாற்றியது. 2025 முதல் அங்கே அவோகா, அதாவது வழக்கறிஞர், ஆக முழு மாஸ்டர் பட்டம் வேண்டும். இரட்டைப் பட்டதாரி அதில் பாதியில் நிற்கிறார். வெளிநாட்டு எல்.எல்.எம். அந்த மீதிப் பாதியைத் தானாக நிரப்பிவிடாது. பிரெஞ்சு அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் இரண்டாம் ஆண்டு படிக்க ஐரோப்பிய ஒன்றிய மாணவர் கட்டுவது சுமார் 250 யூரோ. அமெரிக்காவின் முன்னணிச் சட்டப் பள்ளிகளில் எல்.எல்.எம். கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டும். பிரெக்ஸிட் வேறு வந்து சேர்ந்தது. முன்பு ஆங்கில சொலிசிட்டர் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையின்கீழ் பாரிஸில் பதிவுசெய்து, மூன்று ஆண்டு பிரெஞ்சுச் சட்டத்தில் தொழில் செய்து அவோகா ஆகலாம். அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆங்கிலக் கால்வாயின் எந்தக் கரையில் உரிமம் வாங்குவது என்பது இன்று முன்னைவிடக் கனமான முடிவு.

‘பாரிஸின் பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் எல்.எல்.எம். இருக்கிறதா என்று பார்க்கின்றனவே’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை அந்தப் பட்டத்தில் தேடுவது என்ன? ஆங்கிலத்தில் வரைவு எழுதத் தெரியுமா, காமன் லா எனப்படும் ஆங்கிலச் சட்ட மரபின் சிந்தனை பிடிபட்டதா என்பதற்கான சான்று. லண்டனில் இரண்டு ஆண்டு தேர்வெழுதிய எல்.எல்.பி. அந்தச் சான்றைத் தருகிறது. நியூயார்க்கில் தொழில் செய்ய வேண்டும் என்ற தீர்மானம் இருந்தால் விஷயம் வேறு, அங்கே எல்.எல்.எம். நடைமுறைத் தேவையாகக்கூடும். மூன்று ஆண்டு காமன் லா படித்த வெளிநாட்டவரை நியூயார்க் பொதுவாக நேரடியாகவே பார் தேர்வு என்னும் வழக்கறிஞர் உரிமத் தேர்வை எழுதவிடுகிறது. படிப்பின் கால அளவிலோ உள்ளடக்கத்திலோ ஒரு குறை இருந்தால் எல்.எல்.எம். அதை ஈடுகட்டும். இரண்டிலும் குறை என்றால் ஈடுகட்டாது. பாதி லண்டன், பாதி பாரிஸ் என்று படித்தவர் இதில் எந்தப் பக்கம் விழுவார் என்பதை மாநிலத் தேர்வு வாரியம்தான் ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும். கட்டணம் கட்டுவதற்கு முன்பே அந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். எல்லா எல்.எல்.எம்.மும் செல்லாது என்பதையும் மறக்கக் கூடாது. குறைந்தது 24 கிரெடிட் வேண்டும். தொழில் நெறி, சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம், பார் தேர்வுப் பாடங்கள் என்று அவற்றில் ஒரு பங்கு கட்டாயம். வரிச் சட்டத்தை மட்டுமே ஆசைதீரப் படித்துவிட்டு வந்தால் தேர்வு அறை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: இருபத்திரண்டு வயதில் எந்தத் துறை என்று யாருக்குத் தெரியும், யோசிக்க ஓர் ஆண்டு கிடைக்கட்டுமே என்பது. அந்த வயதில் தெளிவு இல்லாததில் தவறில்லை. ஆனால் 70,000 டாலர் கொடுத்து வாங்கும் யோசனைக் காலம் எல்லோருக்கும் கட்டுபடியாகாது. கடன் வாங்கிப் போனவருக்கு அந்த ஆண்டில் யோசிப்பதைவிட, திருப்பிக் கட்டுவதற்கு எந்த வேலை கிடைக்கும் என்ற கவலைதான் மிஞ்சும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கான அந்த இரண்டு ஆண்டு அனுபவத்தைச் சம்பளத்தோடும் பெறலாம். பிரெஞ்சு மாஸ்டர் இரண்டாம் ஆண்டுகள் பலவற்றில் பயிற்சிப் பணி பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. துறை பிடித்திருக்கிறதா என்பதை அங்கேயும் கண்டுகொள்ளலாம். என் வாதத்துக்கு அடங்காத ஒரு கூட்டமும் உண்டு: ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் போக நினைப்பவர்கள். அவர்களுக்கு ஆக்ஸ்போர்டின் பி.சி.எல். போன்ற படிப்பு உரிமத்துக்கு முன்னால் வருவது நியாயமே. பெயரில் இளங்கலை என்றிருந்தாலும் அது கடுமையான முதுநிலைப் படிப்பு. காமன் லா பட்டதாரிகளுக்கு பி.சி.எல்., பிரான்ஸ் போன்ற நாடுகளின் சிவில் சட்ட மரபினருக்கு எம்.ஜூர். என்று ஆக்ஸ்போர்டு பிரித்துவைத்திருக்கிறது. லண்டன்-பாரிஸ் பட்டதாரி இரண்டில் எந்த விண்ணப்பத்தை எடுப்பது என்று ஒரு மாலைப் பொழுது குழம்பலாம். பாடங்கள் பெரும்பாலும் பொதுவானவை என்பதால் அந்தக் குழப்பத்தால் பெரிய இழப்பில்லை.